கூடலூரில் நிற்கும் பழைய அம்பாசடரை உதிரிப்பாகத்துக்காக இலங்கைக்குக் கொண்டுவரலாமா?

டிக்கோயா ஹயர்கார்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1958ஆம் ஆண்டு மொரிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3 ஒன்று இருக்கிறது. அப்பா ஹட்டன் ஸ்டாண்டில் ஹயர் ஓட்டிய வண்டி. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் எத்தனையோ தோட்டங்களிலிருந்து ராத்திரி நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. இப்போதும் டவுனில் வயதான அம்மாமார் யாராவது என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது "அந்தக் கார் இருக்கா தம்பி?" என்பதுதான். அதனால் விற்கும் பேச்சே இல்லை, ஓட வைக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக இருக்கிறது. பிரச்சினை பொடியில், அதாவது காரின் தகரக் கூட்டில். நம் ஊர் மழையும் பனியும் தகரத்தை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் இரண்டு பக்கமும் போய்விட்டது, டிரைவர் பக்கத் தரை போய்விட்டது, முன் மட்கார்டுகளின் அடிப்பகுதி உதிர்கிறது. டிங்கரிங் பாஸ் போன கிழமை வந்து, டோர்ஷன் பாரின் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியின்) பின்முனையைப் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது செம்மண் மாதிரி துரு கொட்டியது. "இதை இப்படியே கினிகத்தேனை இறக்கத்தில் ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விஷயம் என்னவென்றால், அம்மாவின் அண்ணன் குடும்பம் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய்க் கூடலூரில் இருக்கிறது. மாமாவின் மகனிடம் 1977 அம்பாசடர் மார்க் 3 ஒன்று பல வருடமாகக் கொட்டகைக்குள் ஓடாமல் நிற்கிறது. காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார். அம்பாசடர் என்பது ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3தான் என்று எல்லோருக்கும் தெரியும், வலது பக்க ஸ்டியரிங் வேறு. இதை முழு வண்டியாகவே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே பிரித்துக்கொள்ளலாமா? பதிவு செய்யவோ ரோட்டில் ஓட்டவோ மாட்டேன், பார்ட்ஸுக்கு மட்டும்தான். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் ஓடுகிறதே, அதில் ஏற்ற முடியுமா? முடியாது என்றால் அங்கேயே கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்ஃப் கிளார்க்

தம்பி, சொந்த ஊர் ஹப்புத்தளை, தொழில் கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கிளியரிங். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் முதல் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, அது ஆட்களுக்கான கப்பல். வண்டி ஏறாது. நீங்கள் பேசுவது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வரும் கொள்கலன்.

முழு வண்டி வராது. பார்ட்ஸுக்குத்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் சுங்கத்துக்கு அது மோட்டார் கார், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்பது சரி, ஆனால் பாவித்த வாகனத்துக்கு வயது எல்லை உண்டு, 1977 வண்டி அதற்குப் பக்கத்திலேயே வராது. விசேஷ லைசன்ஸ் ஏதாவது கிடைத்தாலும் கூட எஞ்சின் கொள்ளளவை வைத்து உற்பத்தி வரி போடுவார்கள், அதன் மேல் வட் 18 வீதம், மற்ற வரிகள். துருப்பிடித்த காருக்கு அந்தக் காசு கட்டுவது நியாயமே இல்லை.

இனி முக்கியமான இடம். நிறையப் பேர் நினைப்பது, கழற்றிவிட்டால் அது கார் இல்லை, பார்ட்ஸ் என்று. அப்படி இல்லை. உலகம் முழுக்கச் சுங்கங்கள் பாவிக்கிற எச்.எஸ். வகைப்படுத்தலில் பொது விளக்க விதி 2(அ) என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் முழுமையடையாமல் இருந்தாலும் முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை அதற்குள் இருந்தால் அதை முழுப் பொருளாகவே எடுக்க வேண்டும், கழற்றிய நிலையில் வந்தாலும் அப்படியே. ஆகவே ஒரே கொள்கலனில் பொடி ஷெல், எஞ்சின், கியர் பொக்ஸ், எக்ஸல் எல்லாம் தனித்தனிப் பெட்டியில் இருந்தாலும் அதிகாரி அதை 8703 என்று கார் தலைப்பில் போடலாம். போட்டால் மறுபடி லைசன்ஸ் எங்கே என்ற கேள்வி. லைசன்ஸ் இல்லையென்றால் பொருளும் போகும், தண்டமும் வரும்.

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியைக் கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிட்டு, உங்களுக்கு உண்மையாகவே தேவையான தகரத் துண்டுகள் எவை என்று பட்டியல் போடுங்கள். மட்கார்ட், கதவு, சில், தரைத் தகடு எல்லாம் 8708. பொடி முழுதாக வந்தால் 8707, அதைத் தொடாதீர்கள். எஞ்சின் முழுதாக 8407, எஞ்சின் உள் பாகங்கள் 8409, கண்ணாடி 7007. ஒவ்வொரு இலக்கத்துக்கும் இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில், பாவித்த பொருளாக வந்தால் லைசன்ஸ் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கொள்கலனை ஏற்றியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பொருள் யார்ட்டில் கிடக்கக் கிடக்க டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், கடைசியில் பொருளின் பெறுமதியைத் தாண்டிவிடும்.

பண்டாரவளை கராஜ்

வார்ஃப் அண்ணன் சொன்னதுக்குப் பிறகு நான் எது பொருந்தும், எது பொருந்தாது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொருந்தாததைக் கொண்டுவருவதுதான் பெரிய நட்டம்.

உங்கள் வண்டியும் அந்த அம்பாசடரும் ஒரே கூடு. மொனோகொக், தனி சேசிஸ் கிடையாது. அதனால்தான் குறுக்குச் சட்டம் போனது இவ்வளவு பெரிய விஷயம், அது அலங்காரத் தகரம் இல்லை, முன் சக்கரத்தின் பாரம் டோர்ஷன் பார் வழியாக அங்கேதான் போய் உட்காருகிறது. உங்கள் பாஸ் சொன்னதைக் கேளுங்கள், வண்டியை அசைக்க வேண்டாம்.

முன் முகம் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் மார்க் 2இலேயே கிரில்லை மாற்றிவிட்டது, மார்க் 3 அதற்கும் பிந்தியது. உங்களுடைய பொனட்டையும் கிரில்லையும் எப்பாடுபட்டாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஒக்ஸ்போர்டின் முகம் அதுதான். கதவு, தரை, சில், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், இவைதான் அங்கிருந்து எடுக்க வேண்டியவை. முன் மட்கார்டை அளந்து பார்க்காமல் எடுக்க வேண்டாம். கூடலூரும் மழை ஊர்தானே, அந்த வண்டியின் தகரம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மச்சானிடம் சொல்லி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் சுத்தியலால் மெதுவாகத் தட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், போன தகரம் தொப்பென்று கேட்கும். வீடியோவிலேயே தெரிந்துவிடும்.

எஞ்சின் கொண்டுவரத் தேவையில்லை. இரண்டும் பி.எம்.சி. பி சீரிஸ், 1489 சி.சி., சிலிண்டர் போர் (உள்விட்டம்) 73 மி.மீ. இதே எஞ்சின்தான் ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜிலும் எம்.ஜி.ஏ.விலும். பிஸ்டன், பெயரிங், கேஸ்கட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, சின்னப் பொதியாகத் தபாலிலேயே வரவழைக்கலாம். ஓடுகிற எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் போட்டால் சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகத்தில்) எஞ்சின் இலக்கம் மாற்ற வேண்டும், அந்த எஞ்சின் நாட்டுக்குள் எப்படி வந்தது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்பார்கள். அந்த வேலையே வேண்டாம்.

ஸ்டியரிங் ரெக் மட்டும் யோசியுங்கள். வலது பக்க வண்டி என்பதால் உங்களுக்குப் பிரயோசனப்படும். பிரேக் லைனிங் பழையது எதுவும் வேண்டாம், அந்தக் கால லைனிங்கில் அஸ்பெஸ்டொஸ் இருக்கக்கூடும். வீல் சிலிண்டர், ரப்பர், லைனிங் எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகக் கேட்டுப் பாருங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல்தான் நின்றது, ஆனபடியால் கடைகளில் இன்னும் சரக்கு இருக்கிறது.

மஸ்கெலியா ரைடர்

நான் கேள்விப்பட்டது ஒன்று. கார்னே எடுத்தால் வரி இல்லாமல் வண்டியைக் கொண்டுவரலாமாமே? வெளிநாட்டுக்காரர்கள் வேனில் உலகம் சுற்றுகிறார்களே, அப்படி. அம்பாசடரைக் கார்னேயில் கொண்டுவந்து, இங்கே பார்ட்ஸை மாற்றிவிட்டு, உங்கள் பழைய பார்ட்ஸைப் பூட்டித் திருப்பி அனுப்பினால் என்ன?

வார்ஃப் கிளார்க்

தம்பி, இதைச் செய்யவே வேண்டாம், இதைப் படிக்கும் வேறு யாரும் கூடச் செய்யாதீர்கள். கார்னே என்பது தற்காலிக இறக்குமதிக்கான உத்தரவாதம். வண்டி எந்த நிலையில் வந்ததோ அதே வண்டி, அதே சேசிஸ் எண், அதே எஞ்சின் எண்ணோடு குறித்த காலத்துக்குள் வெளியே போக வேண்டும். போகவில்லை என்றால், அல்லது போனது வேறாக இருந்தால், முழு வரியையும் கார்னே கொடுத்த மோட்டார் சங்கத்திடம் சுங்கம் கேட்கும், சங்கம் உத்தரவாதப் பணத்தை வைத்தவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இங்கே அந்தப் பணம் வைக்க வேண்டியவர் கூடலூர் மச்சான். சும்மா கொடுக்கிறேன் என்று நல்ல மனதோடு சொன்ன மனிதரை இதில் மாட்டிவிடக் கூடாது. அதோடு ஓடாத வண்டிக்குக் கார்னே எதற்கு?

இன்னொன்றும் சிலர் சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஒரே வண்டியைப் பிரித்து இந்த மாதம் ஷெல், அடுத்த மாதம் எஞ்சின், அதற்கடுத்த மாதம் எக்ஸல் என்று வேறு வேறு பெயரில் அனுப்புவது. பிடிபட்டால் அது தெரியாமல் செய்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீலகிரி மருமகன்

நான் பதுளையில் பிறந்து, கலியாணம் முடித்துக் கோத்தகிரியில் இருக்கிறேன். இந்தப் பக்கத்து வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஆர்.சி., அதாவது இந்தியப் பதிவுச் சான்றிதழ். அந்த அம்பாசடர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் பழைய வண்டிகள் பாதி, இறந்துபோன பெரியவர்களின் பெயரிலேயே கிடக்கும், அப்படியென்றால் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். வரி பாக்கி இருந்தால் கட்ட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, இனி ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பிரிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதைப் பேசிவிடுங்கள், சேசிஸ் எண் இருக்கும் துண்டை ஒப்படைக்கச் சொன்னால் அதை வெட்டிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். 2021க்குப் பிறகு பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களும் வந்திருக்கின்றன. வண்டியை அங்கே ஒப்படைத்துவிட்டு, வேண்டிய தகரத்தை மட்டும் பில் போட்டு வாங்க முடியுமா என்று கேளுங்கள். பில் கிடைத்தால் அது கொழும்பில் உங்களுக்குப் பெரிய பலம்.

அனுப்புவதற்கு: மச்சான் தன் பெயரில் ஏற்றுமதி செய்யப் போக வேண்டாம். தூத்துக்குடியில் ஐ.இ.சி. (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்) இருக்கும் ஒரு ஏஜென்ட் மூலம், மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். கொள்கலனில் அனுப்புங்கள். மட்கார்டும் கதவும் பாரம் குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும், எல்.சி.எல்.லில் இடத்துக்குத்தான் காசு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பாதி மிச்சம். கதவைக் கண்ணாடி இறக்கும் மெஷின், கைப்பிடி எல்லாம் கழற்றி வெறும் தகரமாக அனுப்புங்கள். லொறி நடுவட்டம், ஊட்டி, மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும், அந்த வளைவுகளில் தகரம் தகரத்தோடு உரசாமல் நடுவில் பழைய கம்பளி போடுங்கள்.

நானுஓயா பழசு

எனக்கு வேறு கருத்து. இவ்வளவு அலைச்சலும் எதற்கு? நம் நாட்டிலேயே எத்தனை ஒக்ஸ்போர்ட், எத்தனை ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னாலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் கிடக்கிறது. பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் சுற்றினாலே பாதி கிடைக்கும். குருநாகல், அனுராதபுரம் பக்கம் காய்ந்த ஊர்களில் நிற்கும் வண்டியின் தகரம் மலை வண்டியைவிட எவ்வளவோ மேல். உள்ளூர் வண்டி என்றால் சுங்கமும் இல்லை, கப்பலும் இல்லை. சீ.ஆர். புத்தகத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள், அந்த வண்டியின் பதிவை முறைப்படி ரத்து செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பண்டாரவளை கராஜ்

நானுஓயா அண்ணன் சொல்வது சரி, ஆனால் முழுக்கச் சரி இல்லை. ஒஸ்டின் கேம்பிரிட்ஜின் எஞ்சின் பொருந்தும், பொடி பொருந்தாது, அது வேறு கூடு. நமக்கு வேண்டியது ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 2 அல்லது 3இன் பொடி. அது இங்கே கிடைத்தாலும் வைத்திருப்பவர் இப்போது விலை தெரிந்தவராக இருக்கிறார், 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய தகரத்துக்கும் விலை ஏறிவிட்டது. அதோடு, கிடைக்கும் ஒரு ஒக்ஸ்போர்டை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டுவதென்றால் நாட்டில் ஒன்று குறைகிறது. அம்பாசடர் இந்தியாவில் லட்சக்கணக்கில் செய்த வண்டி, அதிலொன்றை வெட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒக்ஸ்போர்டை வெட்ட என்னிடம் கொண்டுவந்தால் நான் வெட்ட மாட்டேன்.

குறுக்குச் சட்டத்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. அதை அம்பாசடரிலிருந்து வெட்டி எடுப்பதைவிடப் புதிதாகச் செய்வது நல்லது. அந்த அம்பாசடரின் சட்டம் நல்ல நிலையில் இருந்தால், அதன் அளவை மச்சானை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகட்டின் தடிப்பு, மடிப்பு, போல்ட் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், எல்லாம் மில்லிமீற்றரில். கண்டியில் தகடு மடித்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. 50 வருடம் பாரம் தாங்கிய பழைய இரும்பை இன்னொரு வண்டியின் உயிர்நாடியில் ஒட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

டிக்கோயா ஹயர்கார்

எல்லோருக்கும் நிறைய நன்றி. முழு வண்டி எண்ணத்தை விட்டுவிட்டேன். மச்சானிடம் பேசினேன். ஆர்.சி. மாமா பெயரில்தான் இருக்கிறது, மாமா இருக்கிறார், அதனால் வாரிசுப் பிரச்சினை இல்லை. வீடியோவும் வந்தது. தரை நடுவில் போயிருக்கிறது, ஆனால் இரண்டு சில்லும் நான்கு கதவும் கணீர் என்று கேட்கிறது. மாமா உள்ளே இருந்து "அதை நல்லா தட்டிக் காட்டுடா, தங்கச்சிப் பிள்ளை கேக்குது" என்று சொல்வது கூட வீடியோவில் கேட்கிறது.

ஆக, நான்கு கதவு, இரண்டு சில், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்துத் தகடு, ஸ்டியரிங் ரெக். மட்கார்ட் அளவு நாளை வரும். சட்டத்தின் அளவையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதைக் கண்டியில் மடிப்போம். கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். வார்ஃப் அண்ணா, இவை சும்மா கொடுத்த பொருட்கள், காசு கைமாறவில்லை. இன்வொய்ஸில் என்ன விலை போடுவது? பூச்சியம் போடலாமா?

வார்ஃப் கிளார்க்

பூச்சியம் போடவே கூடாது. இனாமாக வந்தாலும் சுங்கத்துக்குப் பெறுமதி உண்டு, அதோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் இதே மாதிரி பழைய அம்பாசடர் கதவு என்ன விலைக்குப் போகிறது என்று மச்சானை விசாரித்து, அந்த விலையைப் போட்டு, "சுங்கத் தேவைக்கு மட்டும், பணம் செலுத்தப்படவில்லை" என்று கீழே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி, நிறை, பாவித்தது என்ற குறிப்பு, ஒரு படம். மொத்தமாக "பழைய கார் பாகங்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் பெட்டியைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பார்கள். உங்கள் டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கத்தைத் தயாராக வைத்திருங்கள்.

ரெக்கில் கிரீஸ், எண்ணெய் சொட்டாமல் துடைத்து பொலித்தீனில் சுற்றுங்கள். தகரங்களில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, கழுவிக் காயவைத்துவிட்டுக் கட்டுங்கள். மரப்பெட்டி என்றால் வெப்பச் சிகிச்சை செய்த முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும், சாதாரணப் பலகையில் அடித்த பெட்டியைத் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவு நிறுத்தும். இரும்புச் சட்டம் அடித்து அதில் கட்டினால் அந்தத் தொல்லையே இல்லை, கதவுகளுக்கு அதுதான் வசதி. திணைக்களத்தின் பதில் கைக்கு வந்த பிறகு தூத்துக்குடி ஏஜென்டிடம் பேசுங்கள், அதற்கு முன் ஒரு கதவைக்கூடக் கழற்ற வேண்டாம்.